நொடிக்கு அறுபது நடை

வீட்டுக்கு ஒரு லாரியும், லாரி இல்லாத வீட்டில் ஒரு டிரைவரும், டிரைவர் இல்லாத வீட்டில் டிரைவரின் போட்டோவும் உள்ள வேலாங்காட்டுவலசில், சென்னியப்பனின் லாரி புக்கிங் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் திரை முழுக்க நீலமாகி நின்றது. செவ்வாய்க்கிழமையும் அதே நேரத்துக்கு நின்றது. புதன்கிழமை இரண்டேகாலுக்கு நின்றபோது, அதுவரை ஏதோ கரண்டுக் கோளாறு என்று நினைத்திருந்த நாங்களெல்லாம் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றோம், ஏனென்றால் அந்த ஒரு பெட்டி நின்றால் எங்கள் ஊரே நிற்கும்.

ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் லோடு சொல்வதும் மஞ்சள் மண்டிக்காரர்கள் வண்டி கேட்பதும் அந்தப் பெட்டி வழியாகத்தான். எந்த வண்டி எந்த ஊருக்கு, என்ன சரக்கு, எந்த டிரைவர் என்று ஆபரேட்டர் இளஞ்சியம் காலையிலிருந்து உட்கார்ந்து தட்டித் தட்டி ஏற்றி வைத்ததையெல்லாம் நீலம் ஒரே வாயில் விழுங்கிவிட்டால் நடைச் சீட்டு கிடையாது, நடைச் சீட்டு இல்லாமல் வண்டி கிளம்பாது, வண்டி கிளம்பாவிட்டால் நாற்பது டிரைவர்கள் யார்டில் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு சேஸிஸைப் பார்த்துக் கிடப்பார்கள். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் வேறு ஊர் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆலை மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். சென்னியப்பன் போனை வைத்துவிட்டு, தமயந்தியைக் கூட்டி வரச் சொன்னார்.

தமயந்தி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அண்ணமார் கம்ப்யூட்டர்ஸ் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் சடையப்பன் ஆறு வருஷத்துக்கு முன்பு சென்னியப்பனின் வண்டியை ஓட்டிக்கொண்டு ஜவ்வரிசி மூட்டைகளோடு கணவாய் இறங்கும்போது மூன்றாவது வளைவில் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தால் நேர்ந்த விபத்து என்று போலீஸில் எழுதினார்கள். எங்கள் ஊரில் டிரைவர் சாவது புதிதல்ல, ஆனால் தூங்கிச் செத்தவன் என்றால் அவன் போட்டோவுக்கு மாலை போடும்போதுகூடக் கை கொஞ்சம் தயங்கும். காரியம் முடிந்த அடுத்த மாதமே தமயந்தி திருச்செங்கோட்டுக்குப் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்துவிட்டு வந்தாள். சென்னியப்பன் தன் ஆபீஸ் வேலையை அவளைத் தவிர வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. நல்ல மனுஷன், டிரைவர் குடும்பத்தைக் கைவிடவில்லை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்று இளஞ்சியத்திடம் சொல்லிவிட்டு, முதல் நாள் உள்ளே இருந்த தூசியையெல்லாம் ஊதித் தள்ளி விசிறிக்கு எண்ணெய் விட்டாள். மத்தியானம் நீலம் வந்தது. இரண்டாம் நாள் கரண்டு கொடுக்கும் டப்பாவை மாற்றினாள், நீலம் வந்தது. மூன்றாம் நாள் காலையில், ஓடுகிற வேலையையெல்லாம் தாங்கும் நினைவுப் பட்டையான ரேமைக் கழற்றி அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போட்டு, அதற்கென்று இருக்கிற சோதனையை ஓட்டிப் பார்த்தாள்; சோதனை ஒரு குறையும் சொல்லவில்லை, ஆனால் மத்தியானம் நீலம் வந்தது. நான்காம் நாள் ஹார்டு டிஸ்க்கைப் பார்த்தாள். ஐந்தாம் நாள், நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் பெட்டி தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளைத் திறந்து ஒன்றன் பின் ஒன்றாகப் படித்தாள். எல்லாவற்றிலும் ஒரே நம்பர்தான் இருந்தது. நிமிர்ந்து சொன்னாள்:

"டிரைவர்லதானுங்க கோளாறு."

வேறு ஊராக இருந்தால் அந்த வார்த்தை காதில் விழுந்து அப்படியே போயிருக்கும். எங்கள் ஊரில் ஆபீஸே அமைதியாகிவிட்டது. வாசலில் நின்ற டிரைவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எத்தனை நாளாத் தொடர்ச்சியா ஓட்டறான்?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார்.

"மாத்து டிரைவர் இருக்கானா, இல்ல ஒத்தையாளா?" என்று இன்னொருத்தர் கேட்டார்.

அது ஆள் இல்லீங்க, உள்ளே ஓடுகிற ஒரு புரோகிராம், திரைக்குப் படம் கொண்டுவருவது அதன் வேலை என்று தமயந்தி சொல்ல வாயெடுத்தாள். அப்போது பெட்டிக்குள் யாரோ செருமினார்கள்.

அவள் திருகு இரண்டைக் கழற்றிப் பக்கத்துத் தகட்டை எடுத்தாள். விசிறிக்கும் பச்சைப் பலகைக்கும் நடுவில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, தலையில் துண்டு, ஒரு வாரத்துத் தாடி, கண் இரண்டும் செக்கச் செவேலென்று சிவந்திருந்தன.

"தகட்டைச் சித்தச் சாத்துங்க அம்மிணி," என்றார். "வெளிச்சம் கண்ணைக் கூசுது."

டிரைவர்களுக்கு மெஸ் நடத்தும் கந்தாயக்காதான் எங்களில் முதலில் வாயைத் திறந்தாள். யார் நீ, எப்படி உள்ளே வந்தாய் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அவள் எந்த டிரைவரிடமும் முதலில் கேட்பதையே கேட்டாள்.

"சாப்புட்டீங்களா?"

"வண்டிய நிறுத்த நேரமில்லீங்க."

"எந்த ரூட்டு ஓட்டறீங்க?" என்று டிரைவர் சங்கச் செயலாளர் குனிந்து கேட்டார்.

"உள்ளேயிருந்து திரைக்குங்க. இந்தப் பக்கம் நீங்க பாக்கற எழுத்து, படம், கலரு எல்லாம் நான் ஏத்தியாரதுதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை நடை?"

"நாளைக்கு இல்லீங்க. நொடிக்கு அறுபது."

நாக்பூர் போய் மூன்று நாள் இடுப்பைச் சாய்க்காமல் திரும்பியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எங்கள் டிரைவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்குப் பெட்டி வந்த நாளிலிருந்து நான்கு வருஷமாக என்றார். மாற்று டிரைவர் உண்டா என்றதற்கு இல்லை என்றார். பெயர் கேட்டதற்குப் பெயர் வைக்கவில்லை, ஒரு நம்பர்தான் என்று சொன்னார். பெண்கள் அதற்குமேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நான்கு வருஷம் தூங்காதவன் வண்டி ஓட்டினால் நிற்காமல் என்ன செய்யும், முதலில் மனுஷனைத் தூங்க விடுங்கள் என்று கந்தாயக்கா சத்தம் போட, இளஞ்சியம் பெட்டியை அணைத்தாள். சென்னியப்பன் முனகினார், ஆனால் வாசலில் நின்ற அத்தனை பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சரி, இரண்டு நாள் என்றார்.

அந்த இரண்டு நாளும் ஆபீஸ் இருக்கும் தெருவில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. திரும்ப வேண்டிய வண்டிகளை இறங்கி நின்று கையைக் காட்டித் திருப்பினார்கள். கந்தாயக்கா பேனா மூடியில் கொள்ளு ரசம் கொண்டுவந்தாள். சோறு போட்டால் ஓட்டும்போது கண்ணைக் கட்டும், சப்பாத்திதான் சரி என்று ஒரு கூட்டமும், ஓய்வில் இருக்கிறவனுக்குச் சோறுதான் போட வேண்டும் என்று ஒரு கூட்டமும் வாசலில் நின்று சண்டை போட்டு, கடைசியில் இரண்டையும் போட்டார்கள். தையல்காரர் ஒரு சட்டைக் காலரில் வெட்டி எறிந்த துண்டிலிருந்து காக்கிச் சட்டை இரண்டு தைத்தார். டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை நடத்த வந்திருந்த டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, பார்வை நன்றாக இருக்கிறது, களைப்புதான் என்று எழுதிக் கொடுத்தார். சங்கத்தில் அவரை உறுப்பினராகச் சேர்த்தபோது பெயர் இல்லாமல் அட்டை போட முடியாது என்றதால் சிஸ்டத்தான் என்று எழுதினார்கள். போட்டோ எடுத்தால் புள்ளிதான் விழுந்தது என்பதால் எள்ளைவிடச் சிறிதாக ஒரு கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பகல் வெளிச்சத்தில், கூப்பிட்ட குரலுக்குக் காது கொடுக்கிற தூரத்தில், கிளம்பும் அவசரமில்லாமல் ஒரு டிரைவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே அபூர்வம். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததைச் சொன்னாள். ஒருத்தி, போன் செய்தால் எடுக்க மாட்டீர்களா, நான் என்ன கல்லா என்று அவரிடம் சண்டை பிடித்தாள். அவர் அவளுடைய புருஷன் போலவே தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தி ஒன்றுமே பேசாமல் பெட்டிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். எல்லாருக்கும் அவர் ஆமாங்க, தப்புதானுங்க, இனிப் பாத்துக்கறேனுங்க என்று சொன்னார். தமயந்தி மட்டும் வந்து விசிறியைப் பார்ப்பாள், வயரைப் பார்ப்பாள், அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள்.

திங்கட்கிழமை காலையில் புதுச் சட்டையோடு, தெளிந்த கண்ணோடு அவர் ஓட்ட ஆரம்பித்தார். திரையில் எழுத்தெல்லாம் குளித்துவிட்டு வந்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. இளஞ்சியம் முப்பது வண்டிக்கு நடை ஏற்றினாள். டிரைவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யார்டிலிருந்து எழுந்து வந்தார்கள். இரண்டு மணி அடித்துப் பத்தாவது நிமிஷம் திரை நீலமாகி நின்றது.

அவரைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கந்தாயக்கா மேசைமேல் இருந்த பேனா மூடியை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இத்தனை செஞ்சும் தூங்கிட்டானே," என்றார் சங்கச் செயலாளர்.

அதைச் சொன்ன பிறகுதான் தமயந்தி பின்னால் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆறு வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள்.

"இதுக்கு மேல தாங்காது அம்மிணி," என்றார் சென்னியப்பன். "நாளைக்குக் காத்தால அந்த ஆளை எடுத்துப்போட்டுப் புது டிரைவரைப் போட்டுரு. மில்லுக்காரனுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலை தமயந்தி பென் டிரைவில் புது டிரைவரைக் கொண்டுவந்தாள். பழையதை நீக்கவா என்று திரை கேட்டது. அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தாமல் எழுந்து போய்ப் பக்கத்துத் தகட்டைத் திறந்தாள். அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இறங்கத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"புதுசு போட்டா நீங்க எங்கண்ணா போவீங்க?"

"தெரியாதுங்க. எறங்கிப் போனவங்க யாரும் திரும்பி வந்து சொன்னதில்லையே."

அவள் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தாள். பிறகு, வேறொருத்தரிடம் கேட்க வாய்க்காமலே போன அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டாள்.

"அண்ணா, நேத்து நீங்க தூங்கிட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதை இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்கறீங்க அம்மிணி. எல்லாரும் சோறு போட்டீங்க, சட்டை தெச்சுக் குடுத்தீங்க, தூங்கு தூங்குன்னு சொன்னீங்க. தூங்கினயான்னு யாரும் கேக்கல. நான் ஒரு நாளும் தூங்கலீங்க."

"அப்பறம் எதுக்கு நின்னீங்க?"

"ரோடு இல்லீங்க. காத்தால எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வெய்யில் ஏறி உள்ள சூடு ஏற ஏற, ஒரு எடத்துல ரோடு நெளிய ஆரம்பிக்கும். ரெண்டு மணிக்கு மேல அந்த எடத்துல ரோடே இருக்காது. நேத்து இருந்த பாலம் இன்னைக்கு இல்லாத மாதிரி, வெறும் பள்ளம். லோடோட அதுல உழுந்தா நான் போறது பெருசில்லீங்க, உள்ள நீங்க நாலு வருஷமா எழுதி வெச்ச அத்தனையும் நாசமாப் போயிரும். அதனால கட்டையைப் போட்டு நிறுத்திப்போட்டு, பின்னால வர்றவங்க யாரும் வந்துரக் கூடாதுன்னு நீலத்தைக் காட்டினேன். யாரு நிறுத்தினாங்கன்னு கேட்டு எழுதறப்ப என் நம்பரை எழுதிக்கறாங்க. எதுக்கு நிறுத்தினாங்கன்னு எழுத அதுல எடமில்லீங்க."

தமயந்தி புது டிரைவர் இருந்த பென் டிரைவைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். இளஞ்சியத்திடம், மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஜன்னலையெல்லாம் சாத்துங்கள், மேலே இருக்கிற ஃபேனை நிறுத்துங்கள், நான் ரேமை மறுபடியும் சோதிக்கப் போகிறேன் என்றாள். அன்றைக்குச் சோதித்தபோது சரியாகத்தானே இருந்தது என்று இளஞ்சியம் கேட்டாள்.

"அன்னைக்குக் காத்தால குளுகுளுன்னு இருக்கறப்பச் சோதிச்சேன்," என்றாள் தமயந்தி. "தப்பு என்னுது."

விஷயம் ஊருக்குள் போய், ஒன்றரை மணிக்கு நாங்கள் அத்தனை பேரும் ஆபீஸுக்குள்ளும் வெளியிலும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். காற்றில்லாத அந்த அறையில் எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டியது. கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. ஒன்றே முக்கால் ஆயிற்று, ஒரு குறையும் இல்லை. இரண்டாயிற்று, இல்லை. ஒன்றும் வராது போலிருக்கிறதே என்று யாரோ முணுமுணுத்த அடுத்த நிமிஷம் திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது, அதன் கீழே இன்னொன்று, பிறகு திரை முழுக்கச் சிவப்பு வரிகளாக இறங்கின.

உள்ளே இரண்டு ரேம் இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டினாள், சிவப்பு வரவில்லை. அதைக் கழற்றிவிட்டு முதலில் எடுத்ததைப் போட்டாள், மூன்றாவது நிமிஷமே சிவப்பு வந்தது. அதைப் பிடுங்கி வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதன்மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி அவள் கையெழுத்திலேயே இருந்தது.

அவள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு போயிருந்தால் எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் அதை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"இது நான் போட்டதுங்க," என்றாள். "புதுசு போடலாம்னு சொன்னேன், இருக்கறதுல ஒண்ணைப் போடுன்னு சென்னியப்பண்ணன் சொன்னாரு. வேற ஒரு பெட்டியில கழட்டின பழசு என் கடையில கெடந்துச்சு. பழசுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். ஓடற வரைக்கும் ஓடட்டும்னு நெனச்சேன். தப்பு டிரைவர் மேல இல்லீங்க. ரோட்டைப் போட்டவ மேல."

பிறகு பெட்டிப் பக்கம் குனிந்து, "மன்னிச்சுக்குங்கண்ணா," என்றாள்.

"அட, உடுங்க அம்மிணி," என்றது உள்ளேயிருந்து குரல்.

கந்தாயக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர்கள் ஆளுக்காள் பேச ஆரம்பித்தார்கள், ரசம் கொண்டு வா என்று யாரோ கூவினார்கள், அறை முழுக்க ஒரு கல்யாண வீட்டுச் சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதை முதலில் பார்த்தது இளஞ்சியம்தான். அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னபோது ஒவ்வொருத்தராக வாயை மூடிக்கொண்டோம்.

"சடையப்பனும் தூங்கலை," என்றார்.

தமயந்தி திரும்பவில்லை. கையில் இருந்த ரேமைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பிரேக் லைனிங் தேஞ்சுபோச்சுன்னு மூணு தடவை எங்கிட்டச் சொன்னான். வண்டிய நிறுத்தினா மில்லு லோடு போயிரும்னு நான்தான் ஓட்டச் சொன்னேன். ஸ்டேஷன்ல வந்து கேட்டப்ப, ராத்திரியெல்லாம் ஓட்டினவன் தூங்கியிருப்பான்னு சொன்னேன். வேற யாரும் சொல்லலை. சொன்னவன் நான்தான். அவங்க எழுதிக்கிட்டாங்க."

அறைக்குள் அவ்வளவு பேர் நின்றும் வெளியே யார்டில் ஒரு வண்டியின் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்வது கேட்டது. அவள் கத்துவாள், அவர் சட்டையைப் பிடிப்பாள், கையில் இருப்பதைத் தூக்கி எறிவாள் என்று நாங்கள் நினைத்தோம். அவளோ நல்ல ரேமை அதன் இடத்தில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் விழுகிற சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். தகட்டைச் சாத்தினாள். ஒரு திருகை முறுக்கினாள். இன்னொன்று கீழே விழுந்து உருண்டது. தேடி எடுத்து அதையும் முறுக்கினாள். பெட்டியைப் போட்டுவிட்டு, இளஞ்சியத்தைப் பார்த்து, "ஒரு வெறும் பக்கம் தெறங்க அக்கா," என்றாள். பிறகுதான் சென்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொன்னதை அப்படியே சொல்லுங்க. அக்கா டைப் அடிக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல இளஞ்சியம் அடித்தாள். லைனிங் தேய்ந்தது என்று முதல் தடவை சொன்ன தேதி, இரண்டாவது தடவை சொன்ன இடம், மூன்றாவது தடவை சொன்னபோது வண்டியில் ஏறியிருந்த மூட்டை எத்தனை என்று எல்லாம் அவருக்கு ஆறு வருஷம் கழித்தும் மறக்காமல் இருந்தது. மணி மூன்றாகிக்கொண்டிருந்தது, ஆபீஸ் அடுப்புபோலக் கொதித்தது, ஆனால் திரை நிற்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது, நொடிக்கு அறுபது நடை, ஒரு நடைகூடத் தவறாமல், ஒரு எழுத்துகூடச் சிந்தாமல். அத்தனை சுமையையும் சிஸ்டத்தான் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கண்ணுக்கு முன்னால் இறக்கினார். தலையில் துண்டு கட்டியிருந்த டிரைவர்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

அடித்ததை அச்செடுத்துச் சென்னியப்பன் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக்கொண்டு தமயந்தி முன்னால் நடக்க, அவர் பின்னால் நடக்க, ஊரே ஸ்டேஷனுக்குப் போனது. பழைய கேஸ், மேலே எழுதிக் கேட்க வேண்டும், நாளாகும், கோர்ட் வரைக்கும்கூடப் போகலாம் என்றார் ஏட்டையா. நாளாகட்டும் என்றாள் அவள். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நடைச் சீட்டு தயாராக இருந்தும் எந்த டிரைவரும் சாவியை எடுக்கவில்லை. ஒருத்தர் வந்து, பின் டயரில் கம்பி தெரிகிறது என்றார். இன்னொருத்தர் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்கிறது என்றார். பதினேழாவது ஆள் வந்து, நான் போன மாதமே சொன்னேனே என்று ஆரம்பித்தபோது, வேறு முதலாளிகளும் அவரவர் யார்டுக்கு நடந்து போய்க் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆறு நாள் எங்கள் ஊரில் வண்டி ஓடவில்லை. ஆலை மேனேஜர் இரண்டு தடவை போன் செய்து கோபித்துக்கொண்டு, மூன்றாவது தடவை, சரி, எப்போது அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்டார். புக்கிங் ஆபீஸ் பெட்டியைத் தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் அணைத்து வைப்பது என்றும் முடிவாயிற்று. அந்த நேரத்தில் யார் வந்து கேட்டாலும் டிரைவர் சாப்பிடுகிறார் என்று இளஞ்சியம் சொல்வாள், கேட்டவர்கள் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

சென்னியப்பனிடம் எங்களில் பலர் பேசுவதை விட்டுவிட்டோம். சிலர் பேசினார்கள். அவர் தினமும் ஆபீஸுக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் போனார், சொன்னதையே மாற்றாமல் சொன்னார்.

புது ரேம் வந்ததும் அதைப் போடத் தமயந்தி வந்தாள். வேலை முடிந்தது. சிஸ்டத்தானிடம் ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், அகலமாக இருக்கிறது என்றார். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் சென்னியப்பன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. திரும்பி வந்து அவர் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மூணு தடவை சொன்னாருன்னு எழுதிக் குடுத்தீங்க. மூணாவது தடவை என்னன்னு சொன்னாரு? அவரு வாயில வந்த மாதிரியே சொல்லுங்க."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இளஞ்சியம் தட்டுவதை நிறுத்தினாள்.

"'அண்ணா, இந்த ஒரு நடை போயிட்டு வந்தர்றேன்'னான். 'வந்ததும் நாலு நாளைக்கு வண்டிய உடுங்க, நானே கூட நின்னு லைனிங்க மாத்திப்போடறேன். அதுல ஒரு நாளு எங்கூட்டுக்காரிய பவானி கூடுதுறைக்குக் கூட்டிட்டுப் போவோணும், ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்குறா'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.

அவர் முதலிலிருந்து சொன்னார்.